ரெடிமேட் குடும்பமும் மூன்று ஓலைகளும்

ஆவடி
11-4-1988

மதிப்பிற்குரிய ஜெயபால் ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜெயசீலி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். கோபம் இன்னும் தீரவில்லை, அதனால் ஆவல் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நீங்கள் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தீர்கள். அது தலைகீழாக இருந்தது. சொல்லிவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் என் தோழி சுசீலா வீட்டில் இருக்கிறேன்.

அருள்தாஸ் அன்று அண்ணனூர் மின்சார ரயில் கார் ஷெட்டில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, தாயில்லாத தன் இரண்டு பிள்ளைகளுக்கும் தலை வாரி, மாப்பிள்ளையாக முதல்முறை உங்களைப் பார்க்க வந்தார். புதுச் சட்டை. காலருக்கு அடியில் இருந்த குண்டூசியை எடுக்க மறந்து, கழுத்தைத் திருப்பாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "சட்டை ரெடிமேடா?" என்று கேட்டீர்கள். "ஆமா சார், மார்க்கெட்ல எடுத்தது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "சட்டையும் ரெடிமேட், குடும்பமும் ரெடிமேட். நாற்பத்து மூன்று வயதில் என் தங்கைக்கு வேலை மிச்சம்" என்றீர்கள். பெரியவள் ஞானகுமாரிக்குப் பதின்மூன்று வயது. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நாம் இருவரும் பேசினால் சண்டைதான் வரும். எனவே எழுதுகிறேன். நம் அம்பத்தூர் மாதா கோயிலில் ஏப்ரல் 24, மே 1, மே 8 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிப்பார்கள். மே 18 புதன்கிழமை கல்யாணம். அப்பா இல்லாத பெண்ணைப் பீடம் வரை கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவர் அண்ணன். வருவீர்களா, மாட்டீர்களா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயசீலி

பி.கு.: இரத்த அழுத்த மாத்திரை சமையலறை அலமாரியில், போர்ன்விட்டா டப்பாவில் இருக்கிறது. போர்ன்விட்டா வேறு டப்பாவில் இருக்கிறது.

*

அம்பத்தூர்
15-4-1988

மரியே வாழ்க!

அன்புத் தங்கை சீலிக்கு,

உன் கடிதத்தின் தலையில் 'மரியே வாழ்க' இல்லை. என்மேல் உள்ள கோபத்தை மாதாவிடம் காட்ட வேண்டாம். மூன்று ஸ்டேஷன் தள்ளி இருந்துகொண்டு தபால் எழுதும் அண்ணன் தங்கை நாம் இருவராகத்தான் இருப்போம். தபால்காரர் வேம்புலி, "இன்னா சார், தங்கச்சி ஃபாரின் போய்ட்டாங்களா?" என்று கேட்டார்.

ரெடிமேட் என்பது வசைச்சொல் இல்லை. முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். நாம் கேட்பதற்கு முன்பே யாரோ செய்து முடித்து வைத்திருக்கும் பொருளை அந்தச் சொல்லால் குறிக்கிறோம். நம் கிணற்றுக்கு இறக்கிய சிமெண்ட் உறை ரெடிமேட். பாசாக வேண்டும் என்று பையன்கள் மனப்பாடம் செய்யும் நோட்ஸ் ரெடிமேட் விடை. என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் வாழ்த்துத் தந்தி அட்டையை நினைத்துப் பார். ஆறு என்று எழுதிக் கொடுத்தால் குழந்தை பிறந்ததற்கு வாழ்த்து, எட்டு என்றால் கல்யாணத்துக்கு, ஒன்பது கிறிஸ்துமஸுக்கு. வாக்கியம் தந்தி ஆபீசில் தயாராக இருக்கிறது, நாம் எண்ணை மட்டும் சொல்கிறோம். இந்தக் காலனியில் எல்லாரும் என்னிடம்தானே எண் கேட்டு வருகிறார்கள்? அந்தச் சொல்லை நான் எப்படி இழிவாக நினைப்பேன்?

சொல்லில் குற்றம் இல்லை. உப்பைப் பாயசத்தில் போட்டுவிட்டு உப்பைத் திட்டலாமா?

என் கவலை வேறு. அந்த வீட்டில் பாத்திரம் அடுக்கும் இடத்தைக்கூட வேறொருத்தி முடிவு செய்து வைத்திருக்கிறாள். பிள்ளைகளின் சுபாவத்தையும் அவள்தான் வளர்த்திருக்கிறாள். எல்லாம் நிரம்பிய இடத்தில் நீ எங்கே நிற்பாய்? இதைத்தான் கேட்க நினைத்தேன். வாயில் வேறு விதமாக வந்துவிட்டது.

வருவேனா என்பதற்கு இப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

உன் அண்ணன்
ஜெயபால்

பி.கு.: மாத்திரை கிடைத்தது. சர்க்கரை எங்கே?

*

ஆவடி
19-4-1988

மரியே வாழ்க! (மாதாவுக்காக.)

அண்ணனுக்கு,

பாயசத்தில் உப்பைப் போட்டது யார்? அதை மட்டும் உங்கள் விளக்கத்தில் காணோம்.

தந்தி அட்டையைப் பற்றிப் பெருமை வேறு. வேலப்பன்சாவடி கஜபதி கல்யாணத்துக்கு எட்டு என்று எழுதுவதற்குப் பதில் பன்னிரண்டு என்று எழுதி, 'தேர்தல் வெற்றிக்கு மனமார்ந்த வாழ்த்துகள்' என்று அனுப்பியது யார்? மணமேடையில் அதை உரக்கப் படித்ததும், "எதிர்த்து யார் நின்னாங்க?" என்று பெண்வீட்டார் கேட்டார்கள். கஜபதியின் மாமனார் இன்றுவரை அவரைக் கவுன்சிலர் என்றுதான் கூப்பிடுகிறார்.

ரெடிமேட் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். பத்தொன்பது வருடமாகப் பட்டாளத்து உடுப்பு தைக்கும் ஃபேக்டரியில் செக்கிங் மேசையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகள் என் கையைத் தாண்டிப் போகின்றன. ஒவ்வொரு பட்டனையும் கட்டை விரலால் இழுத்துப் பார்ப்பேன். அதை மாட்டிக்கொண்டு எந்த ஊர்ப் பையன் எந்தப் பனியில் நிற்பான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு என்னைத் தெரியாது. ஆனால் பட்டன் அறுந்தால் அவனுக்குக் குளிரும் அல்லவா? நீங்கள் என்னவோ ரெடிமேட் என்றால் கடையில் தானாக விளைந்து தொங்குகிறது என்பதுபோலப் பேசுகிறீர்கள். யாரோ ஒருத்தி உட்கார்ந்து, முதுகு வலிக்கத் தைத்தது, அண்ணா.

இந்தப் பிள்ளைகளும் அப்படித்தான். ஞானகுமாரி சாப்பிட்டு எழுந்ததும் தம்பி சத்தியராஜின் தட்டையும் சேர்த்து எடுத்துப் போகிறாள். எட்டு வயதுப் பயல் சத்தியராஜ், தூங்குவதற்கு முன் செருப்பை ஜோடியாகச் சுவரோரம் வைக்கிறான். அருள்தாஸ் சொல்லிக் கொடுத்ததில்லை, அவர் செருப்பு ஒன்று வாசலில் இருந்தால் மற்றொன்று கொல்லையில் கிடக்கும். எல்லாம் அவர்கள் அம்மா செய்துவைத்த வேலை. அவள் இறந்து மூன்று வருடமாகியும் ஒரு தையல் விடவில்லை. நான் அவளைப் பார்த்ததில்லை. நல்ல கைவேலை என்று மட்டும் தெரிகிறது.

போன ஞாயிறு ஞானகுமாரிக்கு ஒரு பாவாடை சட்டை எடுக்கப் போனோம். கடைக்காரர் வழக்கம்போல, "வளர்ற பொண்ணு, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோம்மா" என்றார். அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, ரெடிமேட்னா இன்னொருத்தர் போட்டுக் கழட்டினதா? நாங்க ரெடிமேடுன்னு சார் சொன்னாரே?"

நீங்கள் ஆசிரியர். இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

அருள்தாஸுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. "அண்ணாத்தே இன்னும் கோச்சிகினு கீறாரா? வுடு சீலி. குண்டூசிய பாத்தா யாருக்குமே சிரிப்பு வரத்தான் செய்யும்" என்கிறார். எனக்குத்தான் இருவருக்கும் சேர்த்துக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

தங்கை
சீலி

பி.கு.: சர்க்கரை, அரிசிமாவு என்று எழுதிய டப்பாவில். எறும்பை ஏமாற்ற.

*

அம்பத்தூர்
25-4-1988

மரியே வாழ்க!

அன்புத் தங்கை சீலிக்கு,

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். நான் வழக்கமான இடத்தில், மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தேன். ஓலையும் அச்சடித்த படிவம்தான், கவனித்திருக்கிறாயா? 'இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னார்' என்று முன்பே அச்சாகிவிட்டது. கோடிட்ட இடத்தில் பெயரை மட்டும் நிரப்புகிறார்கள். "அண்ணனூர் அருள்தாஸ், மனைவியை இழந்தவர். அம்பத்தூர் காலஞ்சென்ற சவரிமுத்து, காலஞ்சென்ற அன்னம்மாள் இவர்களின் மகள் ஜெயசீலி. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்" என்று பாதர் வாசித்து முடித்ததும், கோயிலில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று.

வீட்டுக்கு வந்து காபி போட்டேன். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, டிகாக்ஷன் இறங்கவே இல்லை. அப்போது ஒன்று தோன்றியது. உன் அண்ணி போன பிறகு பதினொரு வருடமாக இந்த வீட்டில் காலை ஆறு மணிக்குக் காபி மேசைமேல் இருந்தது. வேட்டி மடித்து இருந்தது. மாத்திரையும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தன. யார், எப்போது எழுந்து செய்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாமே ரெடிமேடாக யாருக்குக் கிடைத்தது என்று யோசித்தால், விடைத்தாளில் என் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீ போய்விடுவாய் என்ற பயத்தைத்தான் அன்று அந்த மனிதர்மேல் கொட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் கேள்வியை நான்கு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. பதில் கிடைக்காமல் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

எனவே வருவேன் என்று இன்னும் எழுத முடியவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை, கவனி.

அண்ணன்

பி.கு.: டிகாக்ஷன் ஏன் இறங்கவில்லை?

*

(தபால் அட்டை)

ஆவடி
28-4-1988

அண்ணா, ஃபில்டரில் பொடியை அமுக்கியிருப்பீர்கள். அமுக்கக் கூடாது. மெதுவாகத் தட்டிவிட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது உங்களுக்குக் கடினம்தான், முயற்சி செய்யுங்கள். கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் பாதி போய்விட்டது. மீதி, நீங்கள் சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது. சீலி.

*

ஆவடி
9-5-1988

ஜெயபால் அவர்களுக்கு,

இன்று காலை ஃபேக்டரி கேட்டில், என்னோடு வேலை பார்க்கும் ஞானசௌந்தரியைப் பார்த்தேன். நேற்று நம் கோயிலில் பூசைக்கு வந்திருந்தாளாம். "இன்னாக்கா, உங்க அண்ணன் இப்டி பண்ணிட்டாரு!" என்றாள். மூன்றாவது ஓலை வாசித்து, தடை அறிந்தவர்கள் என்று பாதர் சொன்னதும் நீங்கள் எழுந்து நின்றீர்களாம். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டதாம். பாதர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். அந்த நேரம் அவள் கைக்குழந்தை வீறிட்டு அழுததால் வெளியே தூக்கிப்போய்விட்டாள், அதற்குமேல் அவளுக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாது. இன்று என் மேசையில் மூன்று சட்டைகள் பட்டன் இல்லாமல் போயிருக்கும்.

அரைக்கோபம் போய்விட்டது என்று எழுதியவள் நான். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்மேல் மனத்தாங்கல் இருந்தால் வீட்டில் சொல்லலாம், கடிதத்தில் சொல்லலாம். நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில், ஊர் முன்னால் எழுந்து நின்று தடை சொல்வதா? அருள்தாஸிடம் இதை எப்படிச் சொல்வேன்? ஞானகுமாரியிடம்? அவள் எடுத்த பாவாடை சட்டையைத் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள்.

என்ன தடை சொன்னீர்கள்? ஒரே வரியில் எழுதுங்கள். விளக்கமும் வேண்டாம், உதாரணமும் வேண்டாம்.

ஜெயசீலி

*

அம்பத்தூர்
11-5-1988

மரியே வாழ்க!

அன்புத் தங்கை சீலிக்கு,

ஒரே வரி: தடை சொல்லவில்லை.

இனி விளக்கம். நீ வேண்டாம் என்றாலும் எனக்கு வேறு வழி தெரியாது.

எழுந்தது உண்மை. பாதர் முகம் வெளுத்ததும் உண்மை. முதல் ஓலையிலிருந்தே அந்தப் படிவம் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது ஓலையிலும் பொறுத்தேன். மூன்றாவதை விட்டால் பிறகு வாய்ப்பு இல்லை என்று தோன்றியது. கால் தானாக எழுந்துவிட்டது.

"ஜெயபால் சார், உட்காருங்க. பூசை முடிஞ்சு ரூம்ல பேசலாம்" என்றார் பாதர்.

"முடிஞ்சா எல்லாரும் டிபன் சாப்பிடப் போய்டுவாங்க, பாதர். இவங்க எல்லாரும் கேக்கணும்" என்றேன்.

"என்ன தடை, சார்?"

"தடை இல்லை, பாதர். வாசிச்சதுல ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. பெண்ணுக்கு அப்பா அம்மா காலமாயிட்டாங்கன்னு வாசிச்சீங்க. சரி. அப்போ பெண்ணைக் கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வரப்போறவன் யாரு? அண்ணன் ஜெயபால்னு வாசிக்கணும். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர்னு வாசிச்சீங்க. இழந்ததை மட்டும் சொன்னா எப்படி? ஞானகுமாரி, சத்தியராஜ் ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பான்னும் வாசிக்கணும். அவருக்கு இருக்கிறதையும் ஊருக்குச் சொல்லணுமில்ல?"

பாதர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சடிச்ச படிவம், சார். இதுல அதுக்கெல்லாம் இடம் விடலையே."

"ஓரத்துல மார்ஜின் இருக்கில்ல, பாதர்?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பின் வரிசையிலிருந்து வேம்புலியின் குரல் மட்டும் கேட்டது. கல்யாணக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்த உரிமையில், வேறு மதத்துக்காரராக இருந்தும் மூன்றாவது ஓலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். "சாரே எழுதட்டும் சாமி! சார் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்." பீடத்துக்குப் பக்கத்தில் போய், பாதரின் பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் நான்கு வரி எழுதினேன். பாதர் முதலிலிருந்து மறுபடி வாசித்தார். இந்த முறை நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

ஞானசௌந்தரியின் குழந்தை இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்து அழுதிருக்கலாம். ஞாயிறே உனக்கு எழுதாதது என் தவறு. நூறு பேர் பார்த்தது உனக்கு எப்படியும் வந்து சேர்ந்துவிடும் என்று இருந்துவிட்டேன். அதில் பாதிதான் வந்து சேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

சீலி, ரெடிமேட் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருளில் பாதிதான் சரி. முன்பே செய்து முடித்தது என்றேன். முடித்தது என்பது தவறு. வாங்கி வந்த சட்டையிலும் கை மடிப்பைப் பிரிக்கிறோம், பட்டனை நகர்த்துகிறோம். என் கஜபதி தந்தியைப் போல, யாருக்கு என்று பார்க்காமல் அப்படியே அனுப்பினால்தான் கேலிக்கூத்து.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். முதலில் அண்ணனூரில் இறங்குவேன். அங்கே ஒரு பெண் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அவள் தகப்பனாரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ஆவடி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடு. கல்யாணப் பெண் நம் வீட்டிலிருந்துதான் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும்.

பதினெட்டாம் தேதி வருவேன். கைபிடித்து அழைத்துப் போவேன்.

உன் அண்ணன்
ஜெயபால்

பி.கு.: டிகாக்ஷன் இறங்கிவிட்டது.

*

அண்ணனூர்
21-5-1988

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு ஸ்டேஷன் தள்ளி வந்துவிட்டேன். ஆவடியைவிட ஒரு ஸ்டேஷன் பக்கம். ஆனாலும் எழுதுகிறேன், பழகிவிட்டது.

கோயில் வாசலில் நீங்கள் என் கையைப் பிடித்த பிறகு யார் யாரை இழுத்துக்கொண்டு நடந்தது என்று சத்தியராஜ் கேட்கிறான். நீங்கள்தான் என்னை என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை இந்த வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இவர்கள் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் தந்திக்காரர் வந்திருக்கிறார். தந்தி என்றாலே இங்கே எல்லாருக்கும் கை கால் ஓடாது. இவர் வாங்கிப் பிரித்தால், பூப்போட்ட வாழ்த்துத் தாள். இவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். 'புது வரவுக்கு மனமார்ந்த வாழ்த்துகள்' என்று புரிந்ததும், "அய்யய்யோ, அண்ணாத்தே மறுபடியும் நம்பர மாத்திட்டாரு! கல்யாணத்துக்குக் கொயந்த பொறந்த தந்தி! கஜபதி கேசுதான்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் அதைச் சட்டைக்குள் ஒளிக்கப் பார்த்திருக்கிறார். (அதே சட்டைதான். குண்டூசியை நான் ஏற்கனவே எடுத்துவிட்டேன்.)

ஞானகுமாரி அதைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "நம்பர் சரியாத்தான்பா கீது. இது உனக்கு வரலை, எங்களுக்கு வந்தது" என்றாளாம். மேலே முகவரியில் செல்வி ஞானகுமாரி, செல்வன் சத்தியராஜ் என்று இருந்ததை அதன் பிறகுதான் இவர் பார்த்தார். சத்தியராஜ் தெருவில் ஓடி, "எங்க ஊட்டுக்குப் புதுசா ஆள் வருது! தந்தி வந்துகீது!" என்று சொல்லிவிட்டான். நாற்பத்து மூன்று வயதில் நான் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்த குழந்தை. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா, தொட்டிலுக்குச் சொல்லட்டுமா என்று கேட்கிறார்.

பன்னிரண்டாம் தேதி நீங்களும் ஞானகுமாரியும் வாசல் படியில் உட்கார்ந்து என்ன பேசினீர்கள் என்று இருவரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவளும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. போகட்டும். அன்றிலிருந்து என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவதைக் குறைத்திருக்கிறாள். வேறு எதுவும் இன்னும் வரவில்லை, இப்போதைக்கு "இங்க பாருங்க" என்கிறாள். எனக்கு அவசரமில்லை. பாத்திரங்களும் அவர்கள் அம்மா வைத்த இடத்திலேயே இருக்கின்றன. என் காபி ஃபில்டருக்கு மட்டும் ஓரத்தில் ஓர் இடம் பிடித்திருக்கிறேன்.

இனி ஞாயிறுதோறும் பூசை முடிந்து இங்கே சாப்பாடு. செவ்வாய், வெள்ளி மாலை நான் ஷிப்ட் முடிந்து அங்கே வருவேன். மற்ற நாட்களில் மாத்திரை போர்ன்விட்டா டப்பாவில்.

கீழே ஞானகுமாரி இரண்டு வரி எழுதுவேன் என்கிறாள். நான் படிக்கக் கூடாதாம்.

உங்கள் தங்கை
சீலி

மாமாவுக்கு,

தந்தி எங்க சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. பதில் தந்தி குடுக்கலாம்னு அப்பா சொன்னார், எங்களுக்கு எந்த நம்பர்னு தெரியலை, அதனால சொந்தமா எழுதறேன். நாங்க பிறந்ததிலிருந்து எங்களுக்கு மாமா கிடையாது. இப்போ ரெடிமேடா ஒருத்தர் வந்திருக்கார். சைஸ் கொஞ்சம் பெருசு. பரவாயில்லை, நாங்க வளர்ற பிள்ளைங்கதானே.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வாங்க.

ஞானகுமாரி